அண்ணன் பெயரில் வந்த ஈமெயில்

எங்கள் ஊருக்கு இன்டர்நெட் வந்த அன்று ஒன்பது தேங்காய் உடைத்தார்கள். அதில் இரண்டு அழுகல். "இது உருப்படாது கா" என்று பெரியம்மா அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள். பெரியம்மா என்பவள் அம்மாவின் அக்கா, எங்களுக்கு அடுத்த வளவில் இருந்தாள். அவள் எதைத்தான் உருப்படும் என்று சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. குருக்கள்மடத்துக்கு இந்தப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒரு மணல் துண்டு. சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர் வந்து ஒரு மண்டபம் கட்டித் தந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் கலியாணமும் நடக்கவில்லை, கூட்டமும் நடக்கவில்லை. ஆடுகள்தான் வெயிலுக்கு ஒதுங்கின. யுத்தம் முடிந்து இரண்டாம் வருசம் அந்த ஆடுகளைத் துரத்தி, சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, ஆறு கொம்பியூட்டரையும் ஒரு பிரின்டரையும் கொண்டுவந்து வைத்தார்கள். கூரையில் வானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய வெள்ளைச் சட்டியும் ஏறியது. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் நாடா வெட்டினார். இனி உலகமே உங்கள் வாசலுக்கு வந்து நிற்கும் என்றார். பக்கத்தில் நின்றவர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே கரண்ட் போய்விட்டது. மிச்சத்தை மைக் இல்லாமல் கத்திச் சொன்னார்கள். நாங்கள் கை தட்டினோம். ஆளுக்கொரு பணிசும் பிளேன்டீயும் கிடைத்தன.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசை இருந்தது. கட்டாருக்கும் குவைத்துக்கும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியவர்கள், முகம் பார்த்துக் கதைக்கலாமாம் என்று நல்ல சாரி உடுத்திக்கொண்டு வந்தார்கள். நெல்லு விலை பார்க்கலாமாம் என்று சிலர் வந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் கதவடியில் நின்று, "எல்லாம் சரி, அந்த இன்டர்நெட்டைக் காட்டுங்கவன், எங்க வச்சிரிக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா வந்தது அண்ணனைத் தேட.

அண்ணன் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்கும் முன்னால் அப்பா கதை. கடலில் எழும்பிய தண்ணீர் ஊரைக் கடந்து வாவிக்குள் விழுந்தபோது அப்பாவும் அதோடு போய்விட்டார். மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள்ளிருந்து எடுத்தார்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இடுப்பில் கிடந்த அரைஞாணைப் பார்த்துத்தான் அம்மா ஆளை அடையாளம் சொன்னாள். எனக்கு ஆறு வயது. அழுதார்கள், அடக்கினார்கள், முப்பத்தோராம் நாள் செய்தார்கள். வருசத்துக்கு வருசம் திவசம் வருகிறது, படைக்கிறோம். கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்கு ஒரு முறை இருந்தது, எந்த நாளில் அழுவது என்றாவது தெரிந்திருந்தது.

அண்ணன் விசயத்தில் அதுவும் இல்லை. சுனாமி முகாமிலிருந்து நாங்கள் தகரக் கொட்டிலுக்கு மாறிய வருசம், வாவிக்கு வலை போடப் போனவனைச் சண்டைக்கு ஆள் பிடித்த இயக்கம் கொண்டுபோய்விட்டது. அவனுக்குப் பதினேழு வயது. தோணியும் வலையும்தான் கரைக்கு வந்தன. பிறகு சண்டை நடக்கிற வன்னிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். எனக்கு அவனைப் பற்றி ஞாபகம் இருந்தது கொஞ்சம்தான். என்னைக் 'கட்டச்சி' என்று கூப்பிடுவான். தோணியின் முன்பக்கம் இருத்தி, அசைந்தால் தண்ணிக்குள் தள்ளிவிடுவேன் என்று வெருட்டுவான். அவ்வளவுதான். யுத்தம் முடிந்துவிட்டதென்று ரேடியோ சொன்னது. அண்ணன் வரவில்லை.

அடுத்த வருசம், சித்தாண்டிக்கு ஒரு பெண் முகாமெல்லாம் கிடந்து திரும்பி வந்திருக்கிறாள் என்று தகவல் வந்தது. யுத்தத்தின் கடைசி நாளில் அவள் அண்ணனைக் கண்டிருக்கிறாள். தோளில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வேறு பொடியன்களோடு ஆமிக்காரருக்கு முன்னால் வரிசையில் நின்று ஒரு பஸ்ஸில் ஏறினானாம். பஸ் புறப்பட்டுப் போனதையும் அவள் பார்த்திருக்கிறாள். அம்மா அடுத்த பஸ்ஸில் சித்தாண்டிக்குப் போனாள். முருகன் கோயில் வாசலில் அந்தப் பெண்ணை நிறுத்தி, கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கி, பிறகு அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தாளோடு அவள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லாரிடமும் கேட்டது ஒரே கேள்விதான். அந்த பஸ் எங்கே போனது?

பதில் ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் எழுதி எடுத்தார்கள். காணாமல் போனவர்களை விசாரிக்கிற ஒரு கந்தோரில் அண்ணன் பெயருக்கு ஒரு கோப்புத் திறந்து, ஒரு இலக்கமும் கொடுத்தார்கள். அம்மா அந்த இலக்கத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் சுவரில் கரியால் எழுதி வைத்தாள். கொட்டிலின் தகரம் போனாலும் கல்லால் கட்டிய அரைச் சுவர் நிற்கும் என்று அவளுடைய கணக்கு.

அந்த வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு நடந்தபோது, தெய்வம் ஆடுகிறவரின் காலில் விழுந்து கேட்டாள். அவர் வேப்பிலைக் கொத்தால் அம்மாவின் தலையில் மூன்று தரம் தட்டி, "உன்ட புள்ள கடல் தாண்டி வேற தேசத்தில உசிரோட இரிக்கான். சேதி வரும், போ" என்றார். அம்மா அதை எவ்வளவு நம்பினாள் என்று தெரியாது. நான் முழுதாக நம்பினேன்.

இந்த நிலையில்தான் மண்டபத்துக்கு இன்டர்நெட் வந்தது. எங்களுக்குப் படிப்பிக்கக் காத்தான்குடியிலிருந்து ஒரு இளைஞர் மோட்டார் சைக்கிளில் வருவார். நாங்கள் சேர் என்போம், அம்மா தம்பி என்பாள். முதல் சனிக்கிழமையே அம்மா கேட்டுவிட்டாள்.

"தம்பி, இதுக்குள்ள ஆளைத் தேடலாமா?"

"தேடலாம் அக்கா, ஏன் ஏலா? பேரைச் சொல்லுங்க."

பாவம், நல்ல மனிசன். 'ஏலா', முடியாது, என்ற ஒரு சொல்லை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய் வரவில்லை. அண்ணன் பெயரை அடித்தார். அட, அந்தப் பெயரில் உலகத்தில் எத்தனை பேர்! ஒருத்தர் டாக்குத்தர், ஒருத்தர் கனடாவில் வீடு விற்கிறவர், ஒருத்தர் மரண அறிவித்தலில் இருந்தார். எங்கள் இன்டர்நெட் அப்போது நடை வண்டி. படம் ஒரேயடியாக வராது. முதலில் தலைமயிர் வரும், பிறகு நெற்றி, கொஞ்சம் பொறுத்துப் புருவம், அதற்குப் பிறகுதான் கண். அம்மா குனிந்து, மூச்சுக்கூட விடாமல், அந்த நெற்றி கீழே இறங்கி ஒரு முகமாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாய் வந்து சேர்ந்ததும் நிமிருவாள்.

"இல்ல தம்பி. இது இல்ல."

ஒன்றில்லை, இரண்டில்லை, அன்றைக்குப் பத்துப் பதினைந்து முகம். கடைசியில் சேர்தான் களைத்துப் போனார். "இன்னும் ஏத்தல்ல போல அக்கா. அடுத்த கிழமை பார்ப்பம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்ன சொல்தான். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கந்தோர்க்காரர் கோப்புகளை மெதுவாக எடுப்பதுபோல எங்கோ ஒருத்தர் ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றிக்கொண்டிருக்கிறார், தன் பிள்ளையின் முறை வரும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தவறவில்லை. மழைக்கு இணைப்பு அறுந்தாலும், கரண்ட் போனாலும் மண்டபத்து வாங்குப் பலகையில் குந்தியிருப்பாள்.

அதோடு விரதமும் கூடியது. முதலில் வெள்ளி, பிறகு செவ்வாய், அதற்குப் பிறகு சனிக்கிழமையும். இடையில் உள்ள நாட்களிலும் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுவாள். சட்டையின் கை தோளில் நிற்காமல் வழுக்கியது. ஒரு நாள் கிணற்றடியில் வாளியோடு விழுந்தாள். ஆசுப்பத்திரியில் டாக்குத்தர் என்னைப் பார்த்து, வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்படிச் சாப்பிடாமல் கிடந்தால் உன்னுடைய அம்மா தப்பமாட்டா என்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாததை அவர் என்னிடம்தான் சொன்னார்.

அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை, இவளும் போனால் நான் யாரோடு இருப்பது? பயத்தோடு கோபமும் வந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் உண்மை. கோபம் அண்ணன்மேல். வீட்டில் இருக்கிறவள் நான், பாத்திரம் கழுவுகிறவள் நான், வகுப்பில் முதலாம் பிள்ளையும் நான். அம்மாவின் கண்ணில் மட்டும் இல்லாதவன்தான் இருந்தான். நான் முதலாவதாக வந்த ரிப்போர்ட்டை நீட்டியபோது, "நல்லம் மகள்" என்று அதை வாங்கி, சாமிப்படத்துக்குக் கீழே அண்ணனுடைய தாள்களுக்கு அடியில் வைத்தாள். அடியில்!

அந்த மாதம் சேர் எங்களுக்கு ஈமெயில் திறக்கப் படிப்பித்தார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கொன்று திறந்து பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு 'வணக்கம்' அனுப்ப வேண்டும், அதுதான் பயிற்சி. ஒரு அடி தள்ளி இருக்கிறவளுக்கு அனுப்பிய வணக்கம் உலகத்தைச் சுற்றிவந்து சேர்கிறது என்று சேர் சொன்னார். நான் கெட்டிக்காரி. எனக்கு ஒன்று திறந்தேன். சேர் சொல்லி அம்மாவுக்கு ஒன்று திறந்தேன். ஒருத்தரும் சொல்லாமல் அண்ணன் பெயரில் மூன்றாவதாக ஒன்று திறந்தேன். பிறந்த திகதி கேட்டது. அண்ணனுடையது எனக்குத் தெரியாது. என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

கடிதம் எழுத இரண்டு சனிக்கிழமை பிடித்தது. தமிழ் எழுத்துகளைச் சின்னத் தாள்களில் எழுதிக் கீபோர்ட் கட்டைகளில் ஒட்டியிருந்தார்கள். பாதி உரிந்துபோய்விட்டது, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடியே நேரம் போனது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கடித முறைப்படிதான் எழுதினேன். அன்புள்ள அம்மாவுக்கு, நான் நல்ல சுகம், வெளிநாட்டில் வேலை செய்கிறேன், எந்த நாடு என்று சொல்லக் கூடாது, இப்போது வர முடியாது. நீங்கள் விரதம் இருக்க வேண்டாம், மூன்று நேரமும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தங்கச்சி நன்றாகப் படிப்பாள் என்று நினைக்கிறேன், அவளை ஏச வேண்டாம், முடிந்தால் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுக்கவும், இப்படிக்கு உங்கள் அன்பு மகன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா வாங்கில் வந்து குந்தியதும், "அம்மா, உங்களுக்கு ஒண்டு வந்திரிக்கு" என்றேன். சேர்தான் திறந்தார். பெயரைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். எழும்பி நின்றபடியே சத்தமாக வாசித்தார். குவைத்திலிருக்கும் மகளோடு கதைத்துக்கொண்டிருந்த ஒரு மனிசி கதையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மா மட்டும் அசையவில்லை. "மறுகாலும் ஒருக்கா வாசிங்க தம்பி" என்றாள். இரண்டாம் தரம் அந்தச் சைக்கிள் வந்த இடத்தில் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பிரின்டரைப் பார்த்தேன்.

சேர் பிரின்ட் எடுத்துக் கொடுத்த தாளை எட்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். அடுப்பு மூட்டினாள். மீன்காரனிடம் மீன் வாங்கிப் பொரித்தாள், சொதி வைத்தாள். எனக்குப் போட்டுவிட்டுத் தனக்கும் போட்டாள். சோற்றுக் கோப்பையை வழிக்கும் வரைக்கும் சாப்பிட்டாள். நான் ஒவ்வொரு கவளமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயிறும் நிறைந்தது, நெஞ்சும் நிறைந்தது. தெய்வம் ஆடுகிறவரால் முடியாததை, டாக்குத்தரால் முடியாததை, நான் செய்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று பின்னேரம் சேதி கேட்டுப் பெரியம்மா ஓடிவந்தாள். "ஆருக்கும் சொல்லிராத அக்கா, கண்ணூறு பட்டிடும்" என்று அம்மா கெஞ்சினாள். பெரியம்மாவிடம் சொல்லாதே என்பதும் றோட்டில் நின்று மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். அம்மா இல்லாத நேரம் அந்தத் தாளை எடுத்துப் போய்க் கோயிலில் அர்ச்சனைத் தட்டில் வைத்து, அப்படியே நாலு பேருக்கு வாசித்தும் காட்டியிருக்கிறாள். யாரோ அதைப் போட்டோக்கொப்பியும் எடுத்திருக்கிறார்கள். இன்டர்நெட்டை விட வேகமான ஒன்று எங்கள் ஊரில் முன்பே இருந்தது.

அடுத்தடுத்த கிழமைகளில் நான் இன்னும் இரண்டு கடிதம் போட்டேன். அம்மா பதில் சொல்லச் சொல்ல நானேதான் அடித்தேன். பிறகு அண்ணனாக மாறி அந்தப் பதிலுக்குப் பதிலும் நானே எழுதினேன். அம்மா தேறி வந்தாள். கன்னத்தில் சதை பிடித்தது. எனக்குப் பழைய சைக்கிள் ஒன்றும் வந்தது. மூன்றாம் கடிதத்துக்குப் பிறகு ஒரு நாள் ஊரின் அரசாங்க அலுவல் பார்க்கிற விதானையார் படலையில் வந்து நின்றார். விசாரணைக் கந்தோரில் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறார்களாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.

கந்தோரில் ஒரு பெரிய மேசை. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர். நல்ல தமிழ் கதைத்தார், எங்களுக்குக் கதிரை போடச் சொன்னார். சத்தம் போடவே இல்லை. மேசையில் அண்ணனுடைய கோப்பு விரித்தபடி கிடந்தது. அதற்கு மேலே நான் எழுதிய கடிதத்தின் கொப்பி.

"மகன் வெளிநாட்டில இருந்து கடிதம் போடுறாராம். சந்தோசமான விசயம் அம்மா" என்றார். "அப்ப அவர் காணாமல் போன ஆள் இல்லையே. இதில ஒரு கையெழுத்துப் போட்டால் எங்கட வேலையும் முடிஞ்சுது, உங்கட அலைச்சலும் முடிஞ்சுது."

அம்மா அந்தப் படிவத்தைத் தொடவில்லை. "அந்த பஸ் எங்க போன எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லல்லயே சேர்" என்றாள்.

"கடிதம் போடுறவரிட்டயே அதைக் கேக்கலாமே" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கொப்பியை விரலால் தட்டினார். "இல்ல, இது மகன் எழுதினது இல்லையெண்டு நீங்க சொன்னால் அது வேற விசயம். பொய்க் கடிதம் செய்தது ஆர் எண்டு நாங்க பார்க்க வேணும். அங்க படிப்பிக்கிற ஆளைக் கொண்டுவந்து விசாரிக்க வேணும். அங்க போய்வாற புள்ளைகளையும்தான்." அவர் என் பக்கம் திரும்பினார். "மகள் கொம்பியூட்டரில பெரிய கெட்டிக்காரியாமே?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒரு கோப்பை மூடினால் காணாமல் போனவர் கணக்கில் ஒன்று குறைவு. அன்று எனக்கு அதெல்லாம் விளங்கவில்லை. காத்தான்குடி சேரைப் பொலிஸ் வந்து கொண்டுபோவதுதான் கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பின்னால் நானும் ஜீப்பில் ஏறுவது வந்தது. நான்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அம்மாவின் கை மேசைக்குக் கீழே என் முழங்காலைப் பிடித்து அமத்தியது. நோகிற அளவுக்கு அமத்தியது.

"மகன் எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்சவர்?" என்று அவர் கேட்டார்.

"பதினோராம் வகுப்பு, ஓ எல் பாஸ் பண்ணினவன் சேர்" என்றாள் அம்மா. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அப்ப கொம்பியூட்டரில எழுதத் தெரிஞ்சிருக்கும்."

"ஓம் சேர். இது என்ட மகன் எழுதினதுதான்."

எனக்கு அந்த இடத்திலும் ஒரு பெருமை வந்தது, பாருங்கள். என்னுடைய அண்ணன் ஓ எல் பாஸ் பண்ணினவன்! இவ்வளவு நாளும் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அம்மா பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். அவள் கையெழுத்து எப்போதும் நாலு எழுத்துத்தான், அன்று எழுதி முடிக்க நேரம் எடுத்தது. அவர் முத்திரை குத்தினார். சித்தாண்டிப் பெண் எழுதிக் கொடுத்த தாளையும் உள்ளே வைத்துக் கோப்பை நாடாவால் கட்டினார்.

"அந்தத் தாளை மட்டும் தாங்க சேர்" என்றாள் அம்மா.

"கோப்போடயே கிடக்கட்டும் அம்மா. இனி உங்களுக்கு அது எதுக்கு?"

பஸ் நிலையத்தில் அம்மா எனக்கு ஒரு ஐஸ்பழம் வாங்கித் தந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் வாங்கினாள். பஸ்ஸில் யன்னலோரம் இருந்து அதைச் சூப்பிக்கொண்டே, "அம்மா, அண்ணன் எத்தனை பாடத்தில ஏ எடுத்தவன்?" என்று கேட்டேன். "உருகுது மகள், கெதியாச் சாப்பிடு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அம்மா மண்டபத்துக்கு வரவில்லை. நான் நாலாவது கடிதம் ஒன்று எழுதி, பிரின்ட் எடுத்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, "போதும் மகள். அண்ணனுக்கும் வேலை இரிக்கும்தானே. நீ உன்ட படிப்பைப் பாரு" என்றாள். ஏசவில்லை. ஆனால் சாப்பாட்டை விடவில்லை, விரதத்துக்கும் திரும்பிப் போகவில்லை. மூன்று நேரமும், மருந்து குடிப்பதுபோல, சாப்பிட்டாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் கரியால் எழுதியிருந்த இலக்கம் மட்டும் ஒரு நாள் சுண்ணாம்புக்கு உள்ளே போய்விட்டது.

காலம் ஓடியது. கூரைச் சட்டி துருப்பிடித்தது, சேரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மண்டபத்துக்குப் போகத் தேவையில்லாமல் எல்லாருடைய கைக்கும் இன்டர்நெட் வந்துவிட்டது. இதற்கிடையில் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் படங்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு டவுனில் றோட்டோரம் இருக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஊரிலிருந்தும் இரண்டு பேர் போனார்கள். அம்மா போகவில்லை. நீங்கள் போகவில்லையா என்று நான் ஒரு தரம் கேட்டேன். "வெளிநாட்டில இரிக்கான் எண்டு ஒப்பம் வச்சவள் எந்த முகத்தோட போய்க் குந்துற?" என்றாள். அன்று அந்த வழியால் பஸ் போனபோது அவள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு ஓ எல் முடிவு போனில்தான் வந்தது. நான் கத்திய கத்தலில் பெரியம்மா றால் உரித்த கையோடு ஓடிவந்தாள். கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, "உங்கட வீட்டில முதல் ஓ எல் பாஸ் நீதான் கா" என்றாள்.

"இரண்டாவது" என்றேன் நான். "அண்ணன்தான் முதல்."

"ஆரு, உன்ட கொண்ணனா?" பெரியம்மா சிரித்துவிட்டாள். "மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வாவிக்குப் போனவன். தன்ட பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாது அவனுக்கு. கடிதம் வந்த நேரம், ஆரோ அவனுக்கு எழுதிக் குடுக்காங்க எண்டுதான் நான் நெனச்சன்."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அதற்கு மேல் மறைக்க அவளால் முடியவில்லை. அவளால் எதைத்தான் மறைக்க முடிந்தது! கந்தோருக்குப் போய்வந்த அன்று அம்மா அவளுடைய மடியில் விழுந்து, சத்தம் எனக்குக் கேட்டுவிடும் என்று சாரித் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இது மகளுடைய வேலை, தன்னைச் சாப்பிட வைக்கச் செய்கிறாள், அந்தப் பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்றுதான் சாப்பிட்டிருக்கிறாள். "அவனைக் குடுத்திட்டன் அக்கா, இரிக்கிறதையாவது வச்சிக்கொள்ளத்தானே வேணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாளாம். "வாய் என்ட வாய்தான் மனே, என்ட வாயாலதான் எல்லாம்" என்று பெரியம்மா றால் நாறுகிற கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அம்மா குசினிக்குள் எனக்குப் பால்சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் போய் நின்றேன். காலில் விழ வேண்டும் போல இருந்தது. "என்ன மகள், பாஸ் பண்ணிட்டு முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிறாய்?" என்றாள் அவள், கிண்டுவதை நிறுத்தாமலே.

ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, இரண்டு பிள்ளைகளில் எது வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு அந்தக் கேள்வியே கேட்கவில்லை. கந்தோர்ப் படியால் இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய கை வியர்த்துக் குளிர்ந்துபோய்க் கிடந்தது. அப்போது நான் நினைத்தது எனக்கு இன்னும் ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அப்பாடா, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.